வுட் சிப்பரில் ரோலர் நின்னுபோச்சா? பம்பை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

சவுக்குத் தோப்பில் வெட்டு முடிந்து கிளைகள் குவிந்து கிடக்கின்றன. ஆறு ஆட்கள், ஒரு டிராக்டர், அதன் பின்னால் ஒரு வுட் சிப்பர். காலையில் முதல் இரண்டு மணி நேரம் மெஷின் போட்டதையெல்லாம் இழுத்து இழுத்துத் துண்டாக்கித் தள்ளுகிறது. பத்து மணிக்கு மேல் ரோலர் சோம்பல் படுது. கொஞ்சம் தடிமனான கட்டை வந்தாலே நின்னுடுது. இன்ஜின் சத்தம் அப்படியேதான் இருக்கு, உள்ளே பிளேடும் சுத்துது. கட்டை மட்டும் உள்ளே போகலை. "ஹைட்ராலிக் பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார்.

சில நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால், பம்பை மாற்றிய பிறகும் அதே கதை தொடர்ந்தால்? காசும் போச்சு, ஒரு வார வேலையும் போச்சு. ஆறு பேர் கூலி தனி. வாடகைக்கு விடுவதற்காகக் கடன் வாங்கி மெஷின் எடுத்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த மெஷினுக்கு வேலை நிறையவே இருக்கிறது. காகித ஆலைக்குப் போகும் சவுக்கு, தைலமரம். பயோமாஸ் மின் நிலையங்களுக்குப் போகும் சீமைக் கருவேலம். மூடாக்குக்கும் உரத்துக்கும் தூளாக்கும் தென்னை மட்டை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தபோதும், விழுந்த மரத்தை என்ன செய்வது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. ஐ.டி. வேலையோடு ஊரில் ஒரு தோப்பைப் பார்த்துக்கொள்பவர்கள், வாடகை மெஷின் தொழிலில் இறங்கியிருப்பவர்கள் என இளைஞர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால், மெக்கானிக் சொல்வது சரியா என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிந்திருப்பது நல்லது.

ஹைட்ராலிக் எங்கே வேலை செய்யுது?

பலரும் குழம்பும் இடம் இதுதான். மரத்தை வெட்டுவது ஹைட்ராலிக் இல்லை. பிளேடு பொருத்திய டிரம் அல்லது பெரிய தட்டு இன்ஜினிலிருந்தோ, டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்டிலிருந்தோ நேராகச் சுற்றுகிறது. கட்டையைப் பிடித்து அந்த பிளேடுக்குள் தள்ளும் ரோலரைச் சுற்றுவதுதான் ஹைட்ராலிக்கின் வேலை. சில பெரிய மெஷின்களில் மேல் ரோலரைத் தூக்கி இறக்க ஒரு சிலிண்டரும் இருக்கும். இந்தச் சிலிண்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரொம்ப உதவும்.

ஆயில் போகும் பாதை எளிமையானது. டேங்கில் இருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. அங்கிருந்து கன்ட்ரோல் வால்வு, அதாவது நாம் லிவரைத் தள்ளும் இடம். பிறகு ரோலரைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டார். அங்கிருந்து ரிட்டர்ன் ஃபில்டர் வழியாக மறுபடி டேங்க். நடுவில் ரிலீஃப் வால்வு என்று ஒன்று இருக்கும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஆயிலைக் குறுக்கு வழியில் டேங்குக்கே திருப்பிவிடும். வீட்டுக் குக்கரின் வெயிட் மாதிரி.

ஒரே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்னையைக் கண்டுபிடித்துவிடலாம்: ஆயிலின் ஓட்டம்தான் வேகம், அழுத்தம்தான் வலு. உதாரணமாக, ஒரு சுற்றுக்கு 400 மில்லி ஆயில் வாங்கும் மோட்டாருக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர் போனால் ரோலர் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும். வழியில் 6 லிட்டர் கசிந்துவிட்டால் 45 சுற்றுதான். ஆகவே, 'ரோலர் மெதுவா சுத்துது' என்பதும், 'ரோலர் நல்லா சுத்துது, ஆனா கட்டை வந்ததும் நிக்குது' என்பதும் வேறு வேறு புகார்கள். முதலாவது ஓட்டக் குறைவு. இரண்டாவது பெரும்பாலும் அழுத்தக் குறைவு, அல்லது சுமை வந்ததும் எங்கோ உள்ளே ஆயில் நழுவுகிறது. மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது "மெஷின் வேலை செய்யலை" என்று சொல்வதற்குப் பதில் இந்த இரண்டில் எது என்று சொன்னாலே அவர் வேறு மாதிரி பதில் சொல்வார்.

கை வைக்கும் முன்...

எச்சரிக்கைதானே என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: ரோலரும் பிளேடும். இன்ஜினை அணைத்த பிறகும் கனமான டிரம் உடனே நிற்காது. சில மெஷின்களில் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பி.டி.ஓ. ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, டிரம் முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். தூக்கி நிற்கும் மேல் ரோலருக்கு லாக் பின் போட வேண்டும். இல்லையென்றால், ஹோஸைக் கழற்றிய நொடியில் அது கீழே இறங்கும்.

இரண்டாவது ஆபத்து பலருக்கும் தெரியாது. ஓடும் மெஷினில் ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை விழுந்தால், ஆயில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சாக வெளியேறும். எங்கே கசிகிறது என்று பார்க்கக் கையால் ஹோஸைத் தடவுவது நம் ஊரில் சகஜம். தயவுசெய்து செய்யாதீர்கள். 150 பார் அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 150 கிலோ எடை வைத்த மாதிரி. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து ஆயிலை விரலுக்குள் ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் சின்ன முள் குத்தியது போலத்தான் இருக்கும். ஆரம்பத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. மஞ்சள் தடவிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலோ, கையோ போகும் அளவுக்கு முடியலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கு" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். காயத்தைப் பார்த்து டாக்டருக்கே சந்தேகம் வராமல் போகலாம். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். எட்ட நின்று நீளமான குச்சியில் அட்டையைக் கட்டி ஹோஸ் அருகே பிடித்தால் ஆயில் பட்ட இடம் தெரிந்துவிடும்.

எந்த இணைப்பைக் கழற்றுவதானாலும் இன்ஜினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டி, லைனில் மிச்சம் இருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். ஓடிய மெஷினின் ஆயில் சுடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிரச்னை ஹைட்ராலிக்தானா?

ரோலர் நின்றால் ஹைட்ராலிக் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், 'ஹைட்ராலிக் கம்ப்ளெயின்ட்' என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் மெஷின்களில் சிலவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது பிளேடைச் சாணை பிடிப்பதுதான். மழுங்கிய பிளேடு கட்டையை வெட்டாது, தட்டும். கட்டை உள்ளே போகாமல் துள்ளும். ரோலர் தள்ளித் தள்ளிப் பார்த்துத் திணறும். வெளியே வரும் துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நார் நாராகப் பிய்ந்து, தூளும் அதிகமாக வந்தால் முதலில் பிளேடையும், அதற்கு எதிரே இருக்கும் நிலைத்த பிளேடுக்கான இடைவெளியையும் பாருங்கள்.

அடுத்து, மெஷினில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா? இன்றைய சிப்பர்கள் பலவற்றில் டிரம்மின் வேகத்தை ஒரு சென்சார் கண்காணிக்கும். வேகம் குறைந்தால் ரோலரைத் தானாக நிறுத்தும். வேகம் திரும்பியதும் மறுபடி ஓடவிடும். இன்ஜின் மூச்சு வாங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த சென்சாரில் தூசி படிந்தாலோ, வயர் லூஸானாலோ, பேட்டரி இறங்கியிருந்தாலோ ரோலர் காரணமே இல்லாமல் நின்று நின்று ஓடும். இன்ஜினின் ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் அடைத்திருந்தாலும் இதே நிலைதான். ஹைட்ராலிக்கில் ஒரு குறையும் இருக்காது.

தென்னை மட்டை போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. மட்டையின் நார் ரோலர் ஷாஃப்டின் ஓரத்தில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. பேரிங்கை இறுக்கி, மோட்டாரின் ஆயில் சீலையும் அறுத்துவிடும். மெஷினை நிறுத்தி, மேலே சொன்ன பாதுகாப்பு வேலைகளை முடித்துவிட்டு, இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பம்ப் பெல்ட்டில் ஓடும் மாடலா? அப்படியானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, இடையில் இருக்கும் கப்ளிங்கின் சாவி அறுந்துவிட்டதா என்றும் பாருங்கள். பம்பே சுற்றாதபோது பம்பைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆயில் பேசும்

இத்தனையும் சரியென்றால் இப்போது டேங்க் பக்கம் வாருங்கள். மெஷின் சமதளத்தில் நிற்க, டிப்ஸ்டிக்கிலோ கண்ணாடி கேஜிலோ அளவு பாருங்கள். கொஞ்சம் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். பால் கலந்த காபி மாதிரி வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டம்ளரை ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் பிரிவதுகூடத் தெரியலாம். நுரையாக இருந்தால் காற்று நுழைகிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பல நாள் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. அடியில் மினுமினுப்பாகத் தூள் தெரிந்தால்தான் உண்மையான கவலை: உள்ளே எந்தப் பாகமோ தேய்ந்துகொண்டிருக்கிறது.

எந்த ஆயில் ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். கேனில் 46, 68 என்று போட்டிருக்கும் எண், 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. எண் கூடினால் கெட்டி. குளிர் நாட்டுக்கென எழுதிய கையேட்டில் 32 அல்லது 46 என்று இருக்கலாம். மே மாத வெயிலில் நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு 68 தேவைப்படலாம். நம் இஷ்டத்துக்கு மாற்றாமல், கையேட்டில் வெப்பநிலை வாரியாகக் கொடுத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து முடிவெடுங்கள். பிரேக் ஆயில், பழைய இன்ஜின் ஆயில் என்று கையில் கிடைத்ததை ஊற்றுவது மட்டும் வேண்டாம். பிரேக் ஆயில் இந்த மெஷினின் சீல்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

பம்ப் கத்துதா?

பம்பிலிருந்து கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல் சத்தம் வந்தால், அதற்கு ஆயில் போதுமான அளவு கிடைக்கவில்லை என்று அர்த்தம். சிப்பரில் இதற்கு முக்கியக் காரணம் மரத்தூள்தான். டேங்க் மூடியைத் திறந்து ஆயில் ஊற்றும்போது உள்ளே விழும் தூள், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வலையைக் கழற்றி டீசலில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து மாட்டினால், செத்துப்போச்சு என்று நினைத்த மெஷின் எழுந்து உட்காரும்.

ஏமாற்றும் கேஸ் ஒன்றும் உண்டு. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் வெளியே புதுசு போல இருக்கும். உள்ளே ரப்பர் உரிந்து தொங்கும். இன்ஜின் வேகம் கூடி உறிஞ்சல் அதிகமானதும் அந்த உரிந்த ரப்பர் வழியை அடைத்துவிடும். இன்ஜினை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பழைய மெஷினில் வேறு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை என்றால், இந்த ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

சத்தத்தோடு ஆயிலில் நுரையும் இருந்தால் காற்று நுழைகிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே சொட்டாது. மெஷின் ஓடும்போது காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப் ஒவ்வொன்றிலும் ஆயில் கேனால் கொஞ்சம் சுத்தமான ஆயிலை விட்டுப் பாருங்கள். சுற்றும் பாகங்களுக்குக் கை எட்டாத இடமாக இருந்தால் மட்டும். எந்த இடத்தில் ஆயில் விட்டதும் சத்தம் ஒரு கணம் மாறுகிறதோ, அங்கேதான் ஓட்டை.

காலையில் குதிரை, மதியம் கழுதை

ஆரம்பத்தில் சொன்ன சவுக்குத் தோப்பு மெஷினுக்கு வருவோம். குளிர்ந்திருக்கும்போது வலுவாக ஓடி, சூடானதும் சோர்ந்தால், அது உள்கசிவின் அடையாளம். ஆயில் சூடாகும்போது இளகும். பம்பிலோ, மோட்டாரிலோ, வால்விலோ தேய்மானம் இருந்தால், கெட்டியாக இருந்தவரை நழுவாத ஆயில் இளகியதும் இடுக்கு வழியாக நழுவிவிடும். நழுவும் ஆயில் வேலை எதுவும் செய்யாமல் வெறும் சூட்டைத்தான் உண்டாக்கும். சூடு கூடினால் கசிவு கூடும், கசிவு கூடினால் சூடு கூடும். தலைகீழாக, காலையில் திணறி, சூடானதும் சரியாகிவிட்டால் ஆயில் ரொம்பக் கெட்டி, அல்லது உறிஞ்சும் பாதையில் அடைப்பு.

சூட்டை அளக்க, கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். டேங்கின் வெளிப்புறம் 60 டிகிரி வரை பயப்பட வேண்டாம். 80 டிகிரியைத் தாண்டினால் மெஷினை நிறுத்திவிடுங்கள்; அதற்கு மேல் சீலும் ஆயிலும் வேகமாகக் கெடும். ஆயில் கூலர் இருந்தால் அதன் சந்துகளில் தூள் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கருவியால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பாகம் மட்டும் பக்கத்துப் பாகங்களைவிடத் தெளிவாகச் சுடுகிறது என்றால், ஆயில் அங்கேதான் நழுவுகிறது.

குற்றவாளி பம்பா, மோட்டாரா?

இப்போது அந்தச் சிலிண்டர். மேல் ரோலரைத் தூக்கும் சிலிண்டரும் ரோலரைச் சுற்றும் மோட்டாரும் ஒரே பம்பில் ஓடும் மாடல் என்றால், ரோலர் சோர்ந்திருக்கும்போது லிவரைத் தள்ளி ரோலரைத் தூக்கிப் பாருங்கள். தூக்குவது வழக்கம்போல வேகமாகவும் வலுவாகவும் இருந்தால், பம்ப் பெரும்பாலும் நிரபராதி. மோட்டாரையோ அதன் வால்வையோ விசாரிக்க வேண்டும். தூக்குவதும் சோர்ந்திருந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஆயில், உறிஞ்சும் பாதை, பம்ப், ரிலீஃப் வால்வு ஆகியவற்றில் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். இதை நீங்களாகச் செய்யாமல், கேஜும் பழக்கமும் உள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஜே.சி.பி., போர்வெல் ரிக் பழுது பார்ப்பவர்களுக்கு இது தினசரி வேலை. ரிக் வண்டிகளின் ஊரான திருச்செங்கோடு பக்கம் போனால் ஹைட்ராலிக் கைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. பம்பை விட்டு வெளியே வரும் லைனில் கேஜ் மாட்டி, சிலிண்டரைக் கடைசி வரை தள்ளி ஓரிரு நொடி பிடித்தால், ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று முள் காட்டும். அதைக் கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, நன்றாகச் சூடான பிறகு ஒரு தடவை. இரண்டு எண்ணையும் உங்கள் மொபைலில் எழுதி வையுங்கள். "பம்ப் மாத்தணும்" என்று சொல்பவரிடம், "சூட்டில் எத்தனை பார் காட்டுச்சு?" என்று கேட்க வேண்டியது மெஷின் முதலாளியின் உரிமை.

அழுத்தம் குறைவு என்றதும் சிலர் ரிலீஃப் வால்வின் ஸ்குரூவை இறுக்கிவிடுவார்கள். கேஜ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல்லை வைப்பதற்குச் சமம். ஹோஸ் வெடிக்கும், அல்லது மோட்டார் ஷாஃப்ட் முறியும். உண்மையில், பல நேரம் அந்த வால்வின் இருக்கையில் சின்னத் துகள் சிக்கி அது மூடாமல் நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். கழற்றும் முன் ஸ்குரூ எத்தனை சுற்று வெளியே நிற்கிறது என்று எண்ணிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் ஆயிலில் ஓடும் மெஷினா?

சில சிப்பர்களுக்குச் சொந்த டேங்கும் பம்பும் கிடையாது. டிராக்டரின் ஹைட்ராலிக் இணைப்பிலிருந்தே ஆயில் எடுத்துக்கொள்ளும். நம் டிராக்டர்கள் பலவற்றில் ஹைட்ராலிக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். இணைப்பின் முனையைத் துடைக்காமல் மாட்டினால், உள்ளே போகும் மரத்தூள் சிப்பரோடு நிற்காது, டிராக்டரின் வயிற்றுக்கும் போகும். தவிர, டிராக்டர் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும், சிப்பருக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று வாங்கும்போதே ஒப்பிட்டிருக்க வேண்டும். அது பொருந்தவில்லை என்றால், புது மெஷினும் முதல் நாளிலிருந்தே சோம்பலாகத்தான் இருக்கும். ரிப்பேர் செய்ய அதில் ஒன்றும் இல்லை.

மாத்தியே ஆகணும்னா...

எல்லாம் பார்த்துவிட்டு, பம்போ மோட்டாரோ தேய்ந்துவிட்டது என்று உறுதியானால், பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். தேய்ந்த பாகத்தின் உலோகத் தூள் ஆயில் முழுக்கக் கலந்திருக்கும். டேங்கைக் காலி செய்து துடைத்து, ஃபில்டரை மாற்றி, ஹோஸ்களைக் கழுவி, புது ஆயில் ஊற்ற வேண்டும். துடைக்கத் துணிக்கழிவு வேண்டாம், அதன் நூலே அடுத்த அடைப்பாகிவிடும். ஒரு தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சின்ன இடைவெளிகள் இந்த பம்புக்குள் இருக்கின்றன. பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றிக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடித்தால் புது பம்பும் சீக்கிரமே பழைய பம்பாகிவிடும்.

மாட்டும்போது பம்புக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். வறட்டு ஓட்டம் ஓடினால் முதல் நிமிடத்திலேயே கீறல் விழும். இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சுமை இல்லாமல் ரோலரை முன்னும் பின்னும் சில நிமிடம் சுற்றவிட்டால் லைனில் இருக்கும் காற்று வெளியேறும். ஹோஸ்கள் நிரம்பியதால் டேங்கில் அளவு இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லா இணைப்புகளையும் ஒரு தடவை பார்த்து, ஆயில் ஈரம் தெரிந்தால் இறுக்கச் சொல்லுங்கள். கையால் தடவி அல்ல, மெஷினை நிறுத்திவிட்டு, டார்ச்சும் அட்டையும் வைத்து.